கதை முடியும்வரை துணியைத் தூக்கக் கூடாது

பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத குழந்தையின் குடல், தான் சொன்ன தன் மாமனாரின் குறட்டைக் கதையைக் கேட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனிதர் ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒரே ஒருவர்தான். அதுவும் குழந்தை சிரிக்கவில்லையாம். குழந்தை மயக்க மருந்தில் உலகத்தை மறந்து தூங்கிக்கொண்டிருந்ததாம். குடல் மட்டும் தனியாகச் சிரித்ததாம்.

அவர் ஓய்வுபெற்ற குழந்தைகள் அறுவை மருத்துவர். வேலையில் இருந்த காலத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'அண்டப்புளுகர்' என்று பெயர். முகத்துக்கு நேரே 'டாக்டர்'. அவருக்கென்னவோ முதல் பெயரில்தான் பெருமை. "டாக்டர் பட்டம் படிச்சவன் எவனுக்கும் குடுப்பாங்க. இது நானா சம்பாதிச்சது" என்பார்.

இப்போது அவர் இருப்பது மூன்றாவது மாடியில். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் அதிகம் பேசுவது குளியலறைக் குழாய்தான். சொட்டுச் சொட்டாக, ஆனால் விடாமல். மகள் கடல் தாண்டி இருக்கிறாள். "சாப்பிட்டீங்களாப்பா, மாத்திரை போட்டீங்களா, சரிப்பா, மீட்டிங்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். இவர் "ம்" என்று தொண்டையைச் செருமுவதற்குள் போன் அணைந்திருக்கும். சாப்பாட்டு மேசைக்கு நாலு நாற்காலி. ஒன்றில் அவர், ஒன்றில் பழைய பேப்பர், ஒன்றில் இஸ்திரிக்குப் போக வேண்டிய சட்டைகள், நாலாவதில் யாருமில்லை. அந்த நாலாவதைப் பார்த்துத்தான் அவர் பேசுவார். நாற்காலிக்கு நல்ல பொறுமை. ஆனால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது.

குடல் சிரித்த கதையை அவர் யாரிடம்தான் சொல்லவில்லை? லிஃப்ட் பழுதுபார்க்க வந்தவரிடம் சொன்னார். "அப்படியா சார்" என்றவர் லிஃப்டோடு கீழே இறங்கிப் போய்விட்டார். எதிர்வீட்டுக்காரரிடம் மாடிப்படியில் சொன்னார். அவர் காதில் கருவியை மாட்டிக்கொண்டு வேறு யாரிடமோ பேசியபடியே தலையாட்டிவிட்டு, "சூப்பர் சார்" என்று கடந்து போனார். பல் டாக்டரின் நாற்காலியில் வாயைத் திறந்து வைத்தபடியே சொன்னார்; "வலிக்குதா?" என்று கேட்டார் பல் டாக்டர். தவறான எண்ணுக்கு அழைத்த ஒருவரிடம்கூடப் பாதிவரை சொல்லிவிட்டார்.

நம்பவில்லை என்று ஒருவராவது சொன்னார்களா? அதுதான் இல்லை. "போங்க சார், சும்மா கயிறு திரிக்காதீங்க" என்று சொல்வதற்கும் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டுமே. சந்தேகம் என்பது சும்மா வருவதில்லை. ஒருவர் உட்கார்ந்து, கேட்டு, யோசித்து, நெற்றியைச் சுருக்கினால்தான் வரும். இந்தக் காலத்தில் அவ்வளவு பாடுபட யார் இருக்கிறார்கள்?

ஒருவர் இருந்தார். முறையாக, மனப்பூர்வமாக, வாராவாரம் சந்தேகப்படுகிற ஒரே ஜீவன், அறுவை அரங்கில் அவருக்கு எதிரே நின்று கருவி எடுத்துக் கொடுத்த சிஸ்டர். அவரும் ஓய்வுபெற்றவர்தான். அவருக்குப் பட்டப்பெயர் 'கடிகாரம்'. பொய் சொல்ல மாட்டார், சிரிக்க மாட்டார், நின்று போகவும் மாட்டார். டாக்டர் ஆறடி என்றால் அவர் அரையடி என்பார். டாக்டர் சனிக்கிழமை காலைதோறும் அவருக்குப் போன் போடுவார்.

"சிஸ்டர், இன்னிக்காவது ஒத்துக்கோங்க. குடல் சிரிச்சுதா இல்லையா?"

"குடல் சிரிக்காது டாக்டர்."

"நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"பக்கத்துல நின்னதாலதான் சொல்றேன்."

"அடுத்த வாரம் யோசிச்சுச் சொல்லுங்க."

"அடுத்த வாரமும் அது சிரிக்காது."

இந்த வழக்கு எத்தனையோ வருஷமாக வாய்தாவில் ஓடிக்கொண்டிருந்தது. போனை வைத்த பிறகு அரைமணி நேரத்துக்கு அந்த மூன்றாவது மாடியில் குழாய்ச் சத்தம் கேட்காது.

விஷயம் இதுதான். சில குழந்தைகள் பிறக்கும்போதே குடல் வயிற்றுக்குள் சரியாக நிலைகொள்ளாமல் பிறந்துவிடும். ஊஞ்சல் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல் ஒருநாள் அது தன்னைத் தானே முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் வழி அடைபடும். அதோடு குடலுக்குப் போகிற ரத்தமும் நின்றுபோகும். குழந்தை பச்சையாக வாந்தி எடுக்கும். 'வெள்ளையா எடுத்தா துண்டை எடு, பச்சையா எடுத்தா ஓட்டம் எடு' என்பது டாக்டர் தன் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம்.

வயிற்றைத் திறந்து முறுக்கைப் பிரிப்பது பெரிய வித்தையில்லை. கடிகார முள்ளைப் பின்னோக்கித் தள்ளுவதுபோலச் சுற்றினால் பிரிந்துவிடும். வித்தை அதற்குப் பிறகுதான். கறுத்துப்போன குடலை வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த துணியால் மூடிவிட்டு, ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். ரத்தம் திரும்பி வந்து நிறம் மாறினால் அது உயிருள்ள குடல். மாறாவிட்டால் வெட்டி எடுக்க வேண்டிய குடல். அவசரப்பட்டுத் துணியைத் தூக்கிப் பார்த்தால் உயிருள்ளதும் செத்ததுபோலத்தான் தெரியும். போதாக்குறைக்குக் குளிர்காற்றும் பட்டுவிடும்.

கத்தி பிடித்த கைக்குச் சும்மா நிற்பதைப்போலக் கொடிய தண்டனை உலகத்தில் கிடையாது. அரங்கில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் கை நமநமக்கும். 'லேசா ஒரு ஓரம் மட்டும் பாத்துரலாமா சார்?' என்று யாராவது ஆரம்பிப்பார்கள். அதனால் டாக்டர் தன் அரங்கில் ஒரு சட்டம் போட்டிருந்தார்: துணி மூடினதும் அவர் ஒரு கதை சொல்வார், கதை முடியும்வரை துணியைத் தூக்கக் கூடாது. சிஸ்டர் இரண்டு உள்ளங்கைகளையும் துணியின் மேல் பூப்போல வைத்துக்கொண்டு காவல் நிற்பார். லேசாகக் கறுத்த குடலுக்குச் சின்னப் பொய் போதும். நன்றாகக் கறுத்த குடலுக்கு நீளமான பொய் வேண்டும். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால், ஒரு குடலைக் காப்பாற்ற எத்தனை சொல்லலாம்! அவர் அண்டப்புளுகர் ஆனது வாய்க்கொழுப்பால் அல்ல, குடல்களின் தேவையால்.

குடல் சிரித்த அன்றைக்குக் காலையில் வந்த குழந்தையை ஒரு கைக்குட்டையில் பொதிந்துவிடலாம். மேசையில் படுக்கிற எந்தக் குழந்தையையும் டாக்டர் 'முதலாளி' என்றுதான் சொல்வார். இத்தனை பேரும் அவனுக்குத்தானே வேலை பார்க்கிறோம் என்பார். முதலாளியின் அம்மா, பிரசவம் நடந்த வேறொரு ஆஸ்பத்திரியில் இன்னும் எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தாள். இங்கே அரங்குக்கு வெளியே நடையில் அப்பா மட்டும் தனியாக நின்றார். கையில் ஒரு குட்டித் தொப்பி.

"டாக்டர், அவ போன் பண்ணிக் கேக்கறா. என்ன சொல்லட்டும்?"

"வயித்துக்குள்ள ஒரு முடிச்சு விழுந்திருக்கு, அவுக்கப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க."

"அவுந்துருமா?"

மூன்று உலகத்துக்கும் புளுகத் தெரிந்தவருக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பொய் வரவில்லை. தொப்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

குழந்தைக்குக் குளிரக் கூடாது என்று அரங்கில் ஏசியை அணைத்துச் சூடேற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் அடுப்படியில் நிற்பதுபோல வேர்த்து வடிந்தார்கள். வயிற்றைத் திறந்ததும் உதவி டாக்டர் "ஐயோ" என்றார். இரைப்பையைத் தாண்டியதிலிருந்து பெருங்குடலில் பாதிவரை ஒரே கறுப்பு, முற்றின கத்தரிக்காய்போல. டாக்டர் முறுக்கைப் பிரித்தார். துணியை மூடினார்கள். விடுதியில் படித்த காலத்தில் சுட்ட ஒரு ரொட்டி, கதவுக்கு முட்டுக் கொடுக்க மூன்று வருஷம் உழைத்து, நாலாவது வருஷம் பதவி உயர்வு பெற்று அம்மிக்கல் ஆன கதையைச் சொன்னார். நடுத்தர நீளப் பொய். முடிந்தது. துணியைத் தூக்கினார்கள்.

கறுப்பு அப்படியே இருந்தது.

தலைமாட்டில் திரைக்குப் பின்னாலிருந்து மயக்க மருந்து டாக்டர் சொன்னார்: "குழந்தைக்குச் சூடு இறங்குது. பிரஷரும் சரியில்ல. எடுக்கறதுன்னா எடுங்க, மூடறதுன்னா மூடுங்க."

எடுப்பது என்றால் கறுத்தது எல்லாவற்றையும் எடுக்க வேண்டும். பிறகு தாய்ப்பால் குடித்தாலும் அது போய்த் தங்கக் குடல் இருக்காது. மூடுவது என்றால் அப்படியே மூடி, நடையில் நிற்கிற மனிதரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எல்லாக் கண்களும் டாக்டரைப் பார்த்தன. அத்தனை பேர் சூழ்ந்து நிற்கும்போது அவ்வளவு தனியாக அவர் அதற்கு முன்பு நின்றதேயில்லை.

சிஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. புதுத் துணி எடுத்து வெந்நீரில் முக்கிப் பிழிந்து, முழங்கைக்கு அருகே ஒற்றிச் சூடு பார்த்து, குடலை மூடினார். உள்ளங்கைகளை மேலே வைத்தார். பிறகு, அந்த அரங்கில் முதல் தடவையாகவும் கடைசித் தடவையாகவும், அவராகவே கேட்டார்.

"டாக்டர், கதை."

டாக்டரிடம் கைவசம் ஒரே ஒரு கதைதான் மீதி இருந்தது. 'எங்கப்பாவைக் கதையில இழுத்தா நடக்கறதே வேற' என்று மனைவி தடை விதித்திருந்த கதை. சுவரைப் பார்த்துக்கொண்டு தொடங்கினார். துணியைப் பார்த்தால் தூக்கத் தோன்றும்.

"என் மாமனார் குறட்டை இருக்கே, அது சாதாரணக் குறட்டை இல்ல. அவர் மூச்சை உள்ள இழுத்தா வாசக்கதவு தானா உள்பக்கம் திறக்கும். மூச்சை வெளிய விட்டா தானா சாத்திக்கும். தாழ்ப்பாளே கிடையாது, போட்டா பிடுங்கிக்கிட்டு அவர் மூக்குக்கிட்ட வந்து நிக்கும்."

"சார், காதுல பூ சுத்தாதீங்க" என்றார் உதவி டாக்டர்.

"உன் காதுல முகமூடிக் கயிறு இருக்கு. பூவுக்கு எங்கேப்பா இடம்? கேளு. ஒருநாள் ஒரு திருடன் வந்தான். கதவு திறக்குது, ஒரு கால் வைக்கறான். சாத்துது, எடுத்துக்கறான். திறக்குது, வைக்கறான். சாத்துது, எடுத்துக்கறான். நாட்டியம் கத்துக்கிட்ட மாதிரி ஆயிருச்சு. கடைசியில துணிஞ்சு, மாமனார் இழுத்த ஒரு பெரிய மூச்சுல உள்ள பாய்ஞ்சுட்டான். கதவு படார்னு சாத்திக்கிச்சு."

இந்த இடத்தில் அவர் கதவின் மரம் என்ன மரம் என்று சொன்னார். அதைச் செய்த தச்சரின் குடும்ப வரலாறு சொன்னார். மாமியாரின் சாவிக்கொத்து எவ்வளவு கனம், அதைத் தூக்கித் தூக்கி அவருடைய வலது தோள் எப்படி இறங்கிப்போனது என்று சொன்னார். ஒவ்வொரு பொய்யையும் பிழிந்து பிழிந்து நேரம் எடுத்தார். மயக்க மருந்து டாக்டர் திரைக்குப் பின்னால் நாடியை எண்ணிக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்கற சாமான் எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டான். தூக்கிக்கிட்டு வாசல்ல வந்து அடுத்த மூச்சுக்குக் காத்துக்கிட்டு நிக்கறான். மூச்சு வரல. என்னன்னு பாத்தா மாமனாருக்கு மூக்கடைப்பு! சத்தமில்லாம வாயால மூச்சு விட்டுக்கிட்டுத் தூங்கறார். கதவு ஆடல, அசையல. இவன் இழுக்கறான், தள்ளறான், கெஞ்சறான். அந்தக் கதவுக்கு மனுஷன் கையால திறந்து பழக்கமே விட்டுப்போச்சு. வேற வழியில்லாம மூட்டையை இறக்கி வெச்சுட்டு, மாமியாரைத் தட்டி எழுப்பறான். 'அம்மா, ஐயாவுக்கு மூக்கடைச்சிருக்கு. தைலம் எங்கம்மா இருக்கு? நானே தேய்ச்சு விடறேன்.' மாமியார் கண்ணைக்கூடத் திறக்கல. 'அந்த மூட்டைக்குள்ளதான் இருக்கும். நீதானே கட்டினே? நீயே தேடிப்பாரு.'"

உதவி டாக்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தார். அந்த நொடியில்தான் டாக்டர் குனிந்து பார்த்தார். ஈரத் துணி ஒரு தரம் குலுங்கிற்று. வயிறு நிறையச் சிரிக்கிற ஆளின் சட்டை குலுங்குவதுபோல ஒரு குலுங்கல்.

"பாத்தீங்களா சிஸ்டர்? குடல் சிரிச்சுது!"

"ஈரத் துணி டாக்டர். கதை முடிஞ்சுது. தூக்கலாமா?"

தூக்கினார்கள். குடல் குழந்தையின் உள்ளங்கால் நிறத்தில் இருந்தது. நடுவில் ஒரு சின்னத் துண்டு மட்டும் திரும்பி வரவில்லை; அதை வெட்டி, தலைமயிரைவிட மெல்லிய நூலால் இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்தார். டாக்டர் சொல்கிறபடி அந்த நூலை உலகத்தில் அவரும் சிலந்தியும் மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நடைக்கு வந்து, தொப்பியோடு நின்றவரிடம் "அவுந்துருச்சு" என்றார். அந்த மனிதர் தொப்பியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். அது உச்சியில் எலுமிச்சம்பழம்போல உட்கார்ந்தது. சில நாள் கழித்து முதலாளி முதல் காற்றை விட்டபோது ஜன்னல் கண்ணாடி எல்லாம் அதிர்ந்து, வார்டே எழுந்து நின்று கைதட்டியது. (சிறிய சத்தம்தான் என்பார் சிஸ்டர்.)

அந்த முதலாளிக்கு இப்போது மீசை முளைத்திருக்கும். எங்கோ ஒரு வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான். மூன்றாவது மாடிக்கு அவனுக்கு வழி தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது? குடல் வேலை செய்கிறவன் குடலை நினைப்பதில்லை.

போன சனிக்கிழமை டாக்டர் வழக்கம்போலப் போன் போட்டார். வழக்கம்போல "குடல் சிரிக்காது டாக்டர்" என்ற சிஸ்டர், போனை வைப்பதற்கு முன்னால் வேறொன்றும் சொன்னார்.

"திங்கக்கிழமை வண்டி வருது. தங்கச்சி வீட்டோட போயிடறேன். ரொம்ப தூரம். இனிமே இந்தப் பக்கம் வர்றது கஷ்டம்."

"அப்படியா" என்றார் டாக்டர். லிஃப்ட்காரர் சொன்ன அதே 'அப்படியா'. தன் வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டு அவருக்கே வெட்கமாக இருந்தது.

நாலாவது நாற்காலியின் முன் உட்கார்ந்து யோசித்தார். மயக்க மருந்து டாக்டர் காலமாகிவிட்டார். உதவி டாக்டர் வேறு தேசத்தில் பெரிய ஆள். ஒருமுறை கேட்டபோது 'சிரிச்சது நினைவிருக்கு சார், எதுக்குன்னு மறந்துட்டேன்' என்றார். அந்த அறையில் நின்றவர்களில் மிச்சம் சிஸ்டர் ஒருவர்தான்.

யாரிடமும் சொல்லாத ஒரு பயம் அவருக்கு உண்டு. எத்தனையோ கதைகளை ஊதி ஊதிப் பெரிதாக்கியாகிவிட்டது. எது நடந்தது, எது அவராகச் சேர்த்தது என்று பல கதைகளில் அவருக்கே கோடு அழிந்துபோயிற்று. அது போனால் போகட்டும். இந்த ஒன்று மட்டும் நடந்திருக்க வேண்டும். இதுவும் புளுகு என்றால், அந்தத் துணிக்கு முன்னால் அவர் சும்மா சுவரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று ஆகிவிடும். அப்போதும் நாற்காலியோடுதான் பேசினார் என்று ஆகிவிடும். துணிமேல் இருந்த இரண்டு உள்ளங்கைகளுக்குத்தான் உண்மை தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு சட்டையை அவரே இஸ்திரி போட்டார். காலரில் ஒரு சுருக்கத்தை நிரந்தரமாக்கிவிட்டு, அதையே போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சிஸ்டரின் வீடு ஒரே ஒரு அறை. சுவர் ஓரமாக அட்டைப் பெட்டிகள் அளவெடுத்ததுபோல அடுக்கியிருந்தன. கடிகாரத்தைக் கழற்றிவிட்ட இடத்தில் சுவரில் வட்டமாக ஒரு வெள்ளை. கட்டாமல் மிச்சமிருந்தவை ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கெட்டில், இரண்டு கோப்பை.

"ரெண்டு கோப்பை வெளிய இருக்கே சிஸ்டர். யாராவது வர்றாங்களா?"

"வந்தாச்சே. உக்காருங்க. காலர் ஏன் அப்படி இருக்கு?"

"இது புது ஃபேஷன். வெளிநாட்டுல எல்லாரும் இப்படித்தான் போடறாங்க."

"இஸ்திரிப் பெட்டி சூடு அதிகம். ஈரத் துணி போட்டுத் தேய்ங்க."

தேநீர் குடித்தார்கள். தங்கை வீட்டில் மாடியில் தனி அறை இருக்கிறதாம், ஜன்னல் இருக்கிறதாம், குழந்தைகள் எல்லாம் வேலைக்குப் போய்விட்டார்களாம், பகலில் வீடு அமைதியாக இருக்குமாம். "ரொம்ப அமைதி" என்று இரண்டாம் தடவை சொன்னபோது சிஸ்டர் அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தார், மணி பார்க்கிற பழக்கத்தில்.

டாக்டர் கோப்பையைக் கீழே வைத்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த கேள்வியை எடுத்தார்.

"சிஸ்டர். விளையாட்டுக்குக் கேக்கல. நான் ஜெயிக்கணும்னும் கேக்கல. ஈரத் துணின்னு சொன்னா அதையே எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அன்னிக்கு..."

"திருடன் கதையைச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

"இப்பவா?"

"இப்பதான்."

சிஸ்டர் கோப்பைகளை நகர்த்தி வைத்துவிட்டு இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் வைத்தார், பூப்போல. டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

"என் மாமனார் குறட்டை இருக்கே... அவர் மூச்சை இழுத்தா வாசக்கதவு தானா திறக்கும். விட்டா தானா சாத்திக்கும். ஒருநாள் ஒரு திருடன் வந்தான். திறக்குது, கால் வைக்கறான். சாத்துது, எடுத்துக்கறான். கடைசியில துணிஞ்சு உள்ள பாய்ஞ்சான். கதவு படார்னு..."

"நிறுத்துங்க. இங்க."

"எங்க?"

"இங்கதான். கதவு சாத்தின இடத்துல. என் வலது கைக்கு அடியில ஒரு நெளிவு. நான் மூச்சே விடல. அப்புறம் இடது கைக்கு ஓடுச்சு. நீங்க தச்சன் குடும்பத்தைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீங்க. அந்த நேரம் முழுக்க என் ரெண்டு கைக்கு அடியிலயும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூக்கடைப்பு வந்தப்ப இன்னும் பலமா."

டாக்டர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. திருப்பினால் கண்ணைப் பற்றி ஏதாவது பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்? நான் செத்துச் செத்துப் பிழைச்சுக்கிட்டு..."

"கதை முடியறவரைக்கும் துணியைத் தூக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நான் சொல்லியிருந்தா நீங்க கதையை அங்கேயே விட்டுட்டுத் துணியைத் தூக்கியிருப்பீங்க. குடலுக்கும் இன்னும் கொஞ்சம் சூடு வேண்டியிருந்துச்சு. அதோட..." சிஸ்டர் மேசையிலிருந்து கைகளை எடுத்தார். "அந்தத் திருடன் வெளிய போனானா இல்லையான்னு எனக்குத் தெரியணும்ல?"

"சரி. அப்புறம் இத்தனை வருஷமா ஏன் இல்ல, இல்லன்னு சாதிச்சீங்க?"

"சனிக்கிழமை காலையில எனக்கு வேற யார் டாக்டர் போன் பண்றா?"

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. டாக்டர் மூக்கை உறிஞ்சினார். மூக்கடைப்பு என்று சொல்லிக்கொண்டார்.

"இருந்தாலும் நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார், குரலைச் சரிசெய்துகொண்டு. "கதவு சாத்தின இடத்துல யாராவது சிரிப்பாங்களா? தைலம் வர்ற இடத்துலதான் சிரிப்பு. குடலுக்கு அந்த அளவுக்காவது ரசனை இருக்காதா? நீங்க தப்பா நினைவு வெச்சிருக்கீங்க."

"நான் தப்பா நினைவு வெக்கறதில்ல. போன் நம்பர் அதேதான். சனிக்கிழமை பேசுங்க, சண்டை போடலாம்."

சிஸ்டர் எழுந்து கோப்பைகளைக் கழுவி, துடைத்து, பேப்பரில் சுற்றிக் கடைசிப் பெட்டியில் வைத்தார். டாக்டர் கதவருகே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார். கதவைத் திறக்கக் கை வைத்தவர், திறக்காமல் நின்றார், யாராவது பெரிதாக மூச்சிழுப்பதற்குக் காத்திருப்பவரைப்போல. பின்னாலிருந்து, கறாராக, மணி சொல்கிற குரலில் சிஸ்டர் சொன்னார்:

"எந்த இடத்துலங்கறதை அப்புறம் வெச்சுக்கலாம். ஆனா சிரிச்சுது டாக்டர். நல்லாவே சிரிச்சுது."